பழுப்புக்கு ஒரு வக்காலத்து

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். மாசிமகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும் கடற்கரை, அவர் வீட்டு வாசலிலிருந்து ஐந்து நிமிட நடை. நல்ல வாசகர். சிற்றிதழ்களை ஆண்டுவாரியாகப் பைண்டு செய்து வைத்திருப்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டுக் கூடத்திலிருந்த புத்தக அலமாரி ஒன்று உள்ளறைக்கு இடம்பெயர்ந்தது. அந்த இடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. கடல்மீன் தொட்டி. மீன்கள் நாலைந்துதான். தொட்டியின் நாயகர்கள் பாலிப்புகள். ஜோவாந்தஸ் என்று உயிரியலாளர்களும், பட்டன் பாலிப் என்று வியாபாரிகளும் சொல்லும் உயிரினம். சட்டைப் பொத்தான் அளவில், ஓரத்தில் குஞ்சம் கட்டிய வட்டத்தட்டுகளாகப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பவளத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் பவளத்தைப் போல் சுண்ணாம்பு எலும்பு கட்டாது.

சென்ற மாதம் போனபோது நண்பர் துக்க வீட்டுக்காரரைப் போல் வரவேற்றார். “எல்லாம் சாயம் போயிடுச்சு, வந்து பாருங்க” என்றார். வாங்கியபோது நடுவில் ஆரஞ்சு, அதைச் சுற்றிப் பச்சை வளையம், ஓரத்தில் ஊதாக் குஞ்சம் என்றிருந்தவை ஒன்றரை மாதத்தில் ஒரே பழுப்பாகியிருந்தன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தட்டும் முழுதாக விரிந்திருந்தது. குஞ்சங்கள் நீண்டு நீரில் அசைந்தன. பாறையின் ஓரத்தில் புதிதாக ஏழெட்டுக் குட்டிப் பொத்தான்கள் முளைத்திருந்தன.

“சாயம் போகலை. உடம்பு தேறியிருக்கு” என்றேன்.

கடைசிப் பேருந்து வரை வாதம் நடந்தது. வாதத்தின் உச்சத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் என்னோடேயே பேருந்தில் ஏறி வந்துவிட்டது. “அழகுக்காகத்தானே வளர்க்கிறேன்? அழகு போன பிறகு அது ஆரோக்கியமா இருந்தா எனக்கென்ன, இல்லாட்டி என்ன?”

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. நண்பருக்கு எதிரானது அல்ல. அவர் வெளிப்படையாகச் சொன்னார். நம்மில் பலர் சொல்லாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

*

முதலில் நிறம் என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். இலக்கியக் கூட்டத்தில் உயிரியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறத்தைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கும் நாம், அது எங்கிருந்து வருகிறது என்று அரைமணி நேரம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

பாலிப்பின் சதை ஏறக்குறைய கண்ணாடி போன்றது. அதற்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. திட்டு கட்டும் பவளங்களில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாசிச் செல்கள் இருப்பது சாதாரணம். அவை வெயிலில் சமைத்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றன. வெதுவெதுப்பான, தெளிந்த, உணவு குறைந்த கடலில் பவளம் தழைப்பது இந்தக் கூட்டுக் குடித்தனத்தால்தான். அதன் ஆற்றல் தேவையில் தொண்ணூறு சதவீதம் வரை பாசிகளே ஈடுகட்டுகின்றன. அந்தப் பாசிகளின் நிறம் பழுப்பு. ஆகவே, நன்றாகச் சாப்பிட்டு வாழும் பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பழுப்பு, பொன்பழுப்பு, மங்கிய பச்சை. கடலுக்கடியில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உயிருள்ள திட்டின் அடிநிறம் இதுதான்.

பச்சையும் ஆரஞ்சும் ஊதாவும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. அவை பாலிப் தானே சுரந்து வைக்கும் புரதங்கள். சில, நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழ்பவை. சில, ஒளியை வெறுமனே விழுங்கி ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் நிற்பவை. இந்தப் புரதங்கள் ஒரே வேலைக்கானவை அல்ல. ஆனால் ஆழமற்ற நீரில் இவற்றுக்குள்ள முக்கியப் பணி, உள்ளே குடியிருக்கும் பாசிகளைக் கூடுதல் வெளிச்சத்திலிருந்து காப்பது. சுருங்கச் சொன்னால், கூடத்தில் நாம் வியந்து நிற்கும் அந்த வண்ணத்தில் பெரும்பகுதி ஒரு குடை. வெயில் சுட்டால் குடை விரியும். சுடாவிட்டால் அதற்குத் தேவை இல்லை.

இப்போது நண்பரின் தொட்டிக்கு வருவோம். அவர் இரண்டு மீன்களைப் புதிதாக விட்டார், தீனி கூடியது, கழிவும் கூடியது. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறின. பாசிகளுக்கு அவை உரம். போதாக்குறைக்கு, கரண்ட் பில்லுக்குப் பயந்து விளக்கின் வேகத்தையும் குறைத்திருந்தார். வெளிச்சம் குறைந்தது, குடை மடங்கியது. உரம் கூடியது, பாசி பெருகியது. பழுப்பானது. இதில் நோய் எங்கே இருக்கிறது?

பழுப்பெல்லாம் நலம் என்று சொல்ல நான் வரவில்லை. கழிவு எல்லை மீறினால் பவளம் பலவீனப்படும். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பரஸ் இல்லாமல் போனால் வெப்பத்தைத் தாங்கும் திறனை அது இழக்கும் என்று 2013-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நான் சொல்வது, பழுப்பானதாலேயே ஓர் உயிர் கெட்டுப்போனது என்று தீர்மானிக்க நமக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது மட்டுமே. தமிழில் பழுப்பு என்ற சொல் பழுத்தலில் இருந்து வந்தது. கெட்டுப்போவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, கனிவதும் இருக்கிறது. எது என்று அறிய அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

*

தொட்டி வளர்ப்போர் இந்தப் பழுப்பை விரட்டக் கண்டுபிடித்திருக்கும் வழிகள் விசித்திரமானவை. ஒன்று, நீரிலுள்ள சத்தையெல்லாம் வடித்தெடுத்துப் பாசியைப் பட்டினி போடுவது. பாசி மெலிந்தால் பழுப்பு வெளுக்கும். அடியிலுள்ள வண்ணம் மேலே தெரியும். வெளிர்நீலமும் இளரோஜாவும் இப்படிக் கிடைப்பவை. இன்னொன்று, விளக்கை ஏற்றிக் குடையை விரியவைப்பது. இரண்டிலும் அளவு தவறினால் பாசி முழுவதுமாக வெளியேறிவிடும். சாவின் விளிம்புக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்த முடியும் என்பதே கலை. இதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

மூன்றாவது வழி, நீல விளக்கு. நண்பரின் பக்கத்து வீட்டில் கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போன பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொட்டி வந்த புதிதில் எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம கடல் இவ்வளவு நீலமா இருக்காதேப்பா, இது எந்த ஊர்க் கடல்?” என்று கேட்டாராம். நண்பர் இதைச் சிரிப்பாகச் சொன்னார். எனக்கு அதுதான் அந்த வீட்டில் கேட்கப்பட்ட சரியான கேள்வியாகப் படுகிறது. எந்த ஊர்க் கடலும் இல்லை அது. பவளத்தின் ஒளிரும் புரதங்கள் எந்த அலைநீளத்தில் அதிகம் கூசுமோ அந்த அலைநீளத்துக்கென்றே செய்த விளக்கு. அதன் கீழ் வைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு நிறச் சேர்க்கைக்கும் ஒரு செல்லப்பெயர் சூட்டி, ஒரு பாலிப்புக்கு இவ்வளவு என்று எண்ணி விற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளை விளக்கைப் போட்டால் பாதி வண்ணம் காணாமல் போய்விடும்.

இன்னும் ஒரு வேடிக்கை. கடல் ஐந்து நிமிட நடையில் இருக்க, நண்பர் செயற்கைக் கடலுப்பை வாளியில் வாங்கி, வடிகட்டிய நன்னீரில் கரைத்துக் கடல் செய்கிறார். தெருமுனைக் கடல் கலங்கலும் சாக்கடையும் சேர்ந்தது, அதை ஊற்ற முடியாது என்கிறார். உண்மைதான். அப்புறம் சித்திரை வெயிலில் அந்த இருநூறு லிட்டர் கடலை 26 டிகிரியில் வைத்திருக்க ஒரு குளிரூட்டும் எந்திரம். தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அது சன்னல் வழியாகத் தெருவில் ஊதுகிறது. கடல் இருக்கும் பக்கம்.

*

நீல விளக்கின் கீழ் நாம் ரசிக்கும் அந்த மினுமினுப்புக்குக் கடலில் ஒரு பொருள் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வழக்கு முழுமை பெறாது.

கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் தன் பாசிகளை வெளியேற்றத் தொடங்குகிறது. சதை கண்ணாடியாகிறது, அடியிலுள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை, பட்டினியில் இருக்கிறது. வெப்பம் தணிந்தால் மீளும், தணியாவிட்டால் சாகும்.

ஆனால் எல்லாப் பவளமும் வெள்ளையாக வெளிறுவதில்லை. சில, பாசியை இழந்த நிலையில் கண்ணைப் பறிக்கும் ஊதாவாக, மஞ்சளாக, மின்னும் நீலமாக மாறுகின்றன. 2016-இல், பாண்டிச்சேரியிலிருந்து போய்விட்ட பிரெஞ்சுக் கொடி இன்னும் பறந்துகொண்டிருக்கும் நியூ கலிடோனியாவில், முழுத் திட்டுகளே இப்படி ஒளிர்ந்தன. 2017-இல் வந்த ‘சேஸிங் கோரல்’ ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. காரணத்தை 2020-இல் சவுத்தாம்ப்டன் குழுவே விளக்கியது. பாசி போய்விட்டதால், வெளிச்சத்தை உறிஞ்ச ஆளில்லை. வெள்ளை எலும்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சதைக்குள்ளேயே சுற்றுகிறது. அந்த வெளிச்சமே குடையை விரிக்கச் சொல்கிறது. பாலிப் தன்னிடமுள்ள வண்ணப் புரதத்தையெல்லாம் கொட்டி நிழல் கட்டுகிறது, வெளியேறிய பாசிகள் திரும்பிவரட்டும் என்று. மிதமான, குறுகிய கால அதிர்ச்சியின்போதே இது நடக்கிறது. அதாவது அந்த ஒளி, இன்னும் பிழைக்கலாம் என்ற நிலையிலிருந்து எழுவது.

தொட்டியில் பழகிய கண்ணோடு அங்கே போய் நிற்பவனுக்கு என்ன தோன்றும்? திருவிழா என்று தோன்றும். அதற்கு முந்தைய ஆண்டு அதே திட்டு பழுப்பாக இருந்தபோது வந்திருந்தால், ‘ஒன்றுமில்லை, செத்துக் கிடக்கிறது’ என்று திரும்பியிருப்பான். உயிரைச் சாவென்றும் அபாயத்தைக் கொண்டாட்டமென்றும் தலைகீழாகப் படிக்கக் கற்ற கண். நண்பரின் வாக்கியத்தில் எனக்குள்ள அச்சம் இதுதான். அது ஒரு தொட்டியைப் பற்றியதல்ல, ஒரு வாசிப்பு முறையைப் பற்றியது.

*

இந்த வாசிப்பு முறை நீல விளக்கோடு வந்ததல்ல. நம் மொழியில் முன்பே இருந்தது. இங்கே வாசகர்கள் சற்றுக் கோபப்படக்கூடும், படட்டும்.

தமிழில் பவளம் என்றால் சிவப்பு. வேறு நிறத்துக்கு இடமே இல்லை. துகிர் என்ற பழஞ்சொல்லும் சிவப்பைத்தான் சுட்டும். உதட்டுக்குப் பவளம், சூரியனுக்குப் பவளம், இறைவனின் மேனிக்குப் பவளம். நவமணிகளில் ஒன்று. ஆனால் இந்தச் சிவப்புப் பவளம் நம் கடலில் விளைந்ததல்ல. அது மத்தியதரைக் கடலின் இருண்ட பாறையிடுக்குகளில் வளர்வது. கப்பலேறி வந்தது. ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல் முசிறிப் பகுதியில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் குறிக்கிறது. ரோமானியர் முத்தை மதிப்பதுபோல் இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடிகள் உடைந்து கிடந்த காலம் அது. பிற்பாடு சென்னை ஜார்ஜ் டவுனில் பவள வணிகர்களுக்கென்றே ஒரு தெரு உண்டானது. பவளக்காரத் தெரு என்று இன்றும் பெயர். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து வைரத்தைக் கொண்டுபோன யூத வணிகர்களின் தெரு அது. இந்தக் கரைக்கு ஐரோப்பியர் வைத்த பெயரில் ‘கோரல்’ என்று ஒலிப்பதுகூடப் பவளமல்ல, அது சோழமண்டலம் திரிந்தது. மணலும் ஆற்று வண்டலும் நிறைந்த புதுச்சேரிக் கரையில் பவளத்திட்டு கிடையாது.

அந்தச் சிவப்புப் பவளத்தில் இன்னொரு செய்தி. அதன் பாலிப்புகள் வெள்ளை. சிவப்பாக இருப்பது எலும்பு. அதற்குள் பாசிக் குடித்தனமும் இல்லை. ஆகவே அந்தச் சிவப்பு வெயிலுக்கும் பசிக்கும் மாறாது. சதையைச் சுரண்டி, எலும்பை அறுத்து, மெருகேற்றி நம்மிடம் தந்தார்கள். நாம் பாடியது எலும்பை. மாறாத நிறம் என்பதால் பாடினோம். மாறும் நிறமே உயிரின் நிறம் என்று அறிய நமக்கு வாய்ப்பிருக்கவில்லை. நெய்தல் திணை கடற்கரையில் நின்று அலையைப் பார்த்தது. அலைக்குக் கீழே போனவர்கள் முத்தும் சங்கும் குளித்தவர்கள். அவர்கள் எழுதவில்லை.

நம் கடலிலும் பவளம் உண்டு. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி, நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் பழுப்பு. பாடல் பெறாத பவளம். அதற்கு நாம் என்ன செய்தோம்? 1960களிலிருந்து நாற்பது ஆண்டுகள் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினோம். 1986-இல் தேசியக் கடல் பூங்கா என்று அறிவித்த பிறகும் பெயர்த்தோம். 2004 சுனாமிக்குப் பிறகுதான் அது பெரும்பாலும் நின்றது. அதற்குள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயிருந்தன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்துகொண்டே வந்து, அதைக் காக்க 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களைச் செய்து இறக்க வேண்டியதாயிற்று. தனுஷ்கோடி போகிறவர்கள் 1964 புயலில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை உற்றுப் பார்க்கட்டும். கல்லில் சிறுசிறு நட்சத்திரக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பாலிப் இருந்த வீடு.

கவிஞர்கள் காளவாசல் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கு விலை இருந்தது, கரையில் வறுமை இருந்தது, அதுதான் காரணம். ஆனால் பெயர்க்கப்படுவது பவளம் என்று தமிழ் வாசகன் பதறவில்லையே, அதற்குக் காரணம் என்ன? ‘பவளம்’ என்ற சொல் அவனுக்குக் காட்டிய பொருள் நகைக்கடையில் இருந்தது. லாரியில் போனது வெறும் கல்.

*

இனி எதிர்வாதங்கள். நண்பர் மூன்று சொன்னார், மூன்றும் வலுவானவை.

முதலாவது, தொட்டியில்தான் அறிவியலே பிறந்தது என்பது. உண்மை. ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்துக்காக 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, ட்சியன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சிவப்பாக ஒளிரும் புரதம் ஜெல்லிமீனில் கிடைக்கவில்லை. அதை 1999-இல் செர்கெய் லுக்யானோவ், மிகாயில் மாட்ஸ், யூலி லாபாஸ் முதலான ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டெடுத்தது, மாஸ்கோவில் மீன்தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்பட்ட பவள உறவினங்களிலிருந்து. அந்த ஆறு புரதங்களில் இரண்டு, நண்பர் வீட்டிலிருக்கும் ஜோவாந்தஸ் இனத்தைச் சேர்ந்தவை. இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் செல்களுக்குள் நடப்பதைப் பார்க்க அவை விளக்காகின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வாளர்கள் பாலிப்பிடம் போய், இந்த நிறம் எதனாலானது என்று கேட்டார்கள். ஏன் எனக்காக ஒளிரவில்லை என்று கேட்கவில்லை. நம் தொட்டிக்காரர்களிடமும் அந்தக் கண் உண்டு. நைட்ரேட் எவ்வளவு, எந்த வாரத்தில் நிறம் மாறியது என்று நண்பர் நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கத் தெரிந்த மனிதர், பார்த்ததற்கெல்லாம் கடைசியில் ‘சாயம் போயிடுச்சு’ என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதுகிறாரே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது, தொட்டியிலேயே வெட்டி வளர்த்துப் பெருக்கலாம், கடலைத் தொட வேண்டாம் என்பது. பிற நாடுகளில் செய்கிறார்கள். இந்தியச் சட்டம் அந்த வழியைத் திறந்து வைக்கவில்லை. 2001-இல் கல்பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பட்டன் பாலிப் எலும்பு கட்டாததால் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் கடை நடக்கிறது. அதே கடையில், குரலைத் தாழ்த்திக் கேட்டால், கிளைவிட்ட கல்பவளமும் கிடைக்கும் என்று நண்பரிடமே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் வாங்கவில்லை. அந்த நேர்மைக்கு வணக்கம். ஆனால் நிறத்துக்காகவே வாங்கும் சந்தையில், வெட்டி வளர்த்த பழைய நிறம் சீக்கிரம் சலித்துவிடும். புதிய நிறம் வேண்டும். புதிய நிறத்தின் தாய்த்துண்டு எங்கோ ஒரு கடலிலிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் என்னை நெடுநேரம் மௌனமாக்கியது. “என் தொட்டியா மன்னார் வளைகுடாவை வெளிற வைத்தது?” என்றார். இல்லை. 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்து அந்தக் கடல் சுட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. 2023-இல் தொடங்கி, 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் என்று அறிவிக்கப்பட்ட நிகழ்வில், உலகத் திட்டுகளில் எண்பது சதவீதத்துக்கும் மேல் சூட்டில் சிக்கின. இதற்குமுன் வீட்டுத் தொட்டி எம்மாத்திரம்? சட்டமும் எளியவரைத்தான் பிடிக்கிறது. இராமநாதபுரம் கரையில் கடலட்டை எடுத்தவர் வழக்கில் அலைகிறார். தீவோரம் பாசி எடுக்கும் பெண்கள் விரட்டப்படுகிறார்கள். கடலைச் சூடாக்கியவர்களுக்கு அட்டவணை எதுவும் இல்லை.

எல்லாம் சரி. ஆனால் இந்த வாதத்தால் நண்பரின் வாக்கியம் நியாயமாகிவிடாது. அழகு போன பிறகு அது இருந்தால் என்ன என்று தொட்டியின் முன் கேட்கப் பழகியவர், மன்னார் வளைகுடாவின் முன்னும் அதையே கேட்பார். வண்ணப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையிடம், பழுப்பாக, கலங்கலாக, அழகற்றுக் கிடக்கும் நம் திட்டுகளைக் காப்பாற்றுங்கள் என்று யார் கேட்பது? காப்பாற்ற வேண்டியது அழகை மட்டும் என்று முடிவாகிவிட்டால், நம் கடலில் காப்பாற்ற அதிகம் இல்லை.

*

நான் கேட்பது சிறிய காரியங்கள்தான். நிறத்துக்காகப் பாலிப் வாங்காதீர்கள். சட்டம் அனுமதித்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதைத் திரும்பக் கடலில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். எந்தக் கடலிலிருந்து வந்ததோ தெரியாத உயிரை இங்கே இறக்குவது இன்னொரு வினை. அது பழுப்பாக இருக்கட்டும். பட்டினி போடாதீர்கள். நாளில் சில மணி நேரமாவது நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கில் பாருங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை பவளம் என்று எழுதும்போது, அது எந்தக் கடலின் எலும்பு என்று ஒரு கணம் யோசியுங்கள்.

சென்ற வாரம் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். கட்டுரை எழுதியிருக்கிறேன், உங்களைத் திட்டித்தான், என்றேன். சிரித்தார். குட்டிப் பொத்தான்கள் இருபதைத் தாண்டிவிட்டன என்றார். விளக்கை ஏற்றவில்லை; இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறாராம். ஒத்துக்கொண்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரே, “ஆனா ஒண்ணு. இந்தப் பழுப்பைப் பார்க்க யார் சார் என் வீட்டுக்கு வருவாங்க?” என்றார்.

வரும் ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.